ஓடாத வண்டியும் தேயும்

குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற எண்ணம் நமக்குள் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். ஆயில் மாற்றுவதும் டயர் மாற்றுவதும் அந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. தினமும் ஓடும் பேருந்துக்கும் லாரிக்கும் இது ஓரளவு சரி. வருஷத்தில் சில மாதம் ஓடி, மற்ற நாளெல்லாம் நின்றுகிடக்கும் சுற்றுலா வேனுக்கும், டெம்போ டிராவலருக்கும், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தாத கணக்கை நம்பி ஓட்டுவதால் உயிர்கள் போயிருக்கின்றன.

கார்த்திகை மார்கழியில் வட்டக்கோட்டை வாசலுக்குப் போய் நின்றால் இந்த வகை வண்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். சபரிமலையில் தரிசனம் முடித்தவர்கள் கன்னியாகுமரிக்கு வந்து, பகவதியம்மனைக் கும்பிட்டு, பாறைக்குப் படகில் போய்வந்து, மிச்சமிருக்கிற பொழுதில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இந்தக் கோட்டைக்கும் ஒரு நடை வந்துவிடுவார்கள். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று பதிவெண்கள். கூரையில் பாத்திர மூட்டை, பின்பக்கம் அடுப்பு. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வந்து கன்னியாகுமரியில் முடிகிறது. அதன் முழு நீளத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றே வருகிறவர்களும் உண்டு. எங்கிருந்து வந்தாலும் இங்கே நிற்கும்போது அந்த வண்டி தன் சொந்த ஊர் மெக்கானிக்கை விட்டு எட்டக்கூடிய தூரத்தின் கடைசியில் நிற்கிறது. திரும்பிப் போகும் தூரம் முழுதாக மிச்சமிருக்கிறது. கவலைப்படுவதற்குச் சரியான இடம் இதுதான்.

முதலில் டயர். 2012 செப்டம்பர் 10 இரவு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், வைட் தீவில் நடந்த பெஸ்டிவல் என்ற இசை விழாவுக்குப் போய்விட்டு லிவர்பூல் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பேருந்தின் முன்சக்கர டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். விசாரணையில் அந்த டயரை எடுத்துப் பார்த்தபோது அதன் வயது பத்தொன்பதரை ஆண்டு என்று தெரிந்தது. இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 18. தன்னைவிட வயதில் மூத்த டயரின் மேல் அந்தப் பையன் பயணம் செய்திருக்கிறான். டயர் மொட்டையாக இருக்கவில்லை. பட்டனின் ஆழம் சட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தது. கண்ணால் பார்த்த எவருக்கும் அது நல்ல டயர்தான்.

அந்தப் பையனின் தாய் ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லாரி, பேருந்து, சுற்றுலாப் பேருந்துகளின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர் போடத் தடை வந்தது. சிறு பேருந்துகளில் ஒற்றைச் சக்கரமாக ஓடும் எல்லா டயர்களுக்கும் அதே தடை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் இல்லை. என்றைக்குச் செய்த டயர் என்று மட்டும்தான் கேட்கிறது.

நம் ஊரில் மத்திய மோட்டார் வாகன விதி 94 டயர் பட்டனின் ஆழத்தைக் கேட்கிறது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். ஆழம் என்பது ஓடிய தூரத்தின் கணக்கு. ஓடாத டயர் எத்தனை வருஷம் ஆனாலும் இந்தத் தேர்வில் தேறிவிடும். எஃப்.சி.க்கு முந்தின நாள் பெயின்ட் அடித்து, டயருக்குக் கறுப்புப் பூசிக் கொண்டுபோகும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. அந்தக் கறுப்பு, பக்கவாட்டில் விட்டிருக்கும் மயிரிழை விரிசல்களையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

டயரின் வயதைப் படிப்பது எளிது. கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அதைத் தொடர்ந்து வரும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசையின் கடைசி நான்கு எண்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3217 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் மாதத்தில், அந்த டயர் அச்சிலிருந்து வெளிவந்தது. பல டயர்களில் இந்த நான்கு எண்கள் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போதே பக்கச்சுவரில் விரல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் சற்றே அமுங்கும். முதிர்ந்த ரப்பர் காய்ந்த தோல் மாதிரி வழுக்கும். பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கறுப்புக் கோடு போல வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரோடு இன்னொரு பயணம் வேண்டாம்.

ரப்பர் முதிர்வது ஆக்சிஜனாலும் ஓசோனாலும் வெயிலாலும். வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கும் ரப்பரும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி உள்ளுக்குள் தளர்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் நடுப்பகல் வெயிலில், முழுப் பாரத்தோடு, மணிக்கு 80, 90 என்று ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பட்டன் அடுக்கு மொத்தமாகக் கழன்று பறக்கும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. டெக்சஸ், கலிபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம். டயர் தொடர்பாக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ அதே ஐந்து மாநிலங்களின் பங்கு 77 சதவீதம். அவற்றில் 84 சதவீதம் ஆறு வயது தாண்டிய டயர்கள். காவல்கிணறு தாண்டி வள்ளியூர், நாங்குநேரி என்று சித்திரை வெயிலில் ஓட்டியவர்களுக்கு இந்த எண்ணை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இழுத்துச் செல்லும் கேரவன்கள் நிறைய ஓடும் பிரிட்டனில், அந்தத் தொழிலின் அமைப்புகள் ஐந்து ஆண்டில் டயரை மாற்றச் சொல்கின்றன. எக்காரணம் கொண்டும் ஏழைத் தாண்டக் கூடாது என்கின்றன. குளிர் நாட்டுக்கே அந்தக் கணக்கு என்றால், நாம் ஐந்தோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

இதில் மிக மோசமானது ஸ்டெப்னி. அது ஓடுவதே இல்லை. அதனால் யாரும் அதை மாற்றுவதும் இல்லை. வண்டியோடு வந்த ஸ்டெப்னி அப்படியே இருக்க, ஓடும் டயர்கள் இரண்டு முறை மாறியிருக்கும். வழியில் பஞ்சர் ஆகி, இருப்பதிலேயே வயதான டயரை மாட்டிக்கொண்டு, தாமதத்தைச் சரிக்கட்ட வேகமாக ஓட்டுவது நம் வழக்கம். கொரோனாவில் 2020 மார்ச் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் நின்றுபோன சுற்றுலா வண்டிகளின் கதையும் இதுவே. 2019இல் புதிதாகப் போட்ட டயர், பாதி தேயாமலே 2025இல் ஆறு வயதை எட்டிவிட்டது. மாற்றச் சொன்னால், “வண்டி ஓடவே இல்லல்லா அண்ணே, பின்ன எதுக்கு டயரு?” என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். இருப்பதிலேயே ஆபத்தான கேள்வி அதுதான்.

அடுத்தது உப்பு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அவருடைய படைத் தளபதியான டி லனாய் வட்டக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தச் சுவர் கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது. வெளியே நிறுத்தியிருக்கும் வண்டியின் அடிப்பாகம் மெல்லிய இரும்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் கலந்து அடிச்சட்டம், பட்டை, பிரேக் குழாய், புகைக்குழாய், பேட்டரி முனை எல்லாவற்றிலும் படிகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானே நீர் உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். கன்னியாகுமரிக் கடற்கரையில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அரிது. ஆகவே வண்டியின் அடியில் படிந்த உப்பு மழை பெய்யாவிட்டாலும் ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓடும் வண்டியிலாவது சக்கரமும் டிஸ்க்கும் சுற்றிச் சுற்றித் துரு உதிரும். நிற்கும் வண்டியில் அதுவும் நடக்காது.

ஹேண்ட் பிரேக் போட்டபடி ஒரு வாரம் கடற்கரை ஓரம் நின்ற வண்டியை எடுத்துப் பாருங்கள். பின்சக்கரம் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடுதான் விடுபடும். லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டியிருந்ததன் சத்தம் அது. சில நேரம் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே ஓடும், சக்கரம் சூடாகும், பேரிங்கில் கிரீஸ் உருகி வெளியேறும். நீண்ட நாள் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

பிரேக் ஆயிலுக்கும் கிலோமீட்டர் தெரியாது. அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நீர் கலந்த நிலையில் அதற்கான குறைந்தபட்ச அளவே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, நீர் கலந்தபின் 155. சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியாது. கன்னியாகுமரி பார்த்துவிட்டுக் கொடைக்கானலோ மூணாறோ போய், முழுப் பாரத்தோடு மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வருபவருக்குத் தெரியும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்பதன் காரணம் இதுவே. அந்த இரண்டு வருஷத்தில் வண்டி 4,000 கிலோமீட்டர் ஓடியதா 80,000 ஓடியதா என்பது பொருட்டில்லை.

பேட்டரியும் இப்படித்தான். ஈய அமில பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே நின்றபடி வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும், பிறகு எவ்வளவு ஓட்டினாலும் பழைய பலம் வராது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் யூரியாக் கரைசல் ஊற்றுகிறோம். அதற்கும் ஆயுள் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம், 35 டிகிரியில் ஆறு மாதம். வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்கில் அது எவ்வளவு காலம் நல்லபடி இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

வண்டி தயாரிப்பாளர் தரும் சர்வீஸ் புத்தகம் இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னால் வருகிறதோ அது. வாக்கியத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை டேஷ்போர்டில் போட்டுவிடுகிறோம்.

கேரவன் என்ற பேர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் சினிமாப் படப்பிடிப்பால் பழக்கம். அந்த வண்டிகள்தான் கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு நல்ல உதாரணம். காலையில் படப்பிடிப்புத் தளத்துக்குப் போய் நின்றால் இரவு வரை நின்றபடியே ஏ.சி.யும் விளக்கும் ஜெனரேட்டரில் ஓடும். சில வண்டிகளில் எஞ்சினே ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் முள் அசைவதில்லை. எஞ்சின் ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் ஓடுவது 40 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டத்துக்குச் சமம் என்று ஃபோர்டு நிறுவனம் தன் வண்டிகளுக்கு வழிகாட்டுகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் வருஷத்தில் 100 நாள் அப்படி நின்றால் 800 மணி நேரம். அந்தக் கணக்கில் 32,000 கிலோமீட்டர். மீட்டரிலோ 5,000கூட ஏறியிருக்காது. இந்த வண்டிகளுக்கு ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர்கள் பலவற்றில் மணி காட்டும் மீட்டர் உண்டு. இல்லாவிட்டால் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

சுற்றுலாவுக்கான கேரவன்களைக் கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தின் மூலம் ஊக்குவிக்கத் தொடங்கியது. வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து எல்லை தாண்டினால் கேரளம். அந்த வண்டிகள் நம் கடற்கரைக்கும் வந்து போகின்றன. 2024 டிசம்பர் 23 அன்று கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியை ஓரங்கட்டி ஏ.சி. போட்டு ஓய்வெடுத்திருக்கிறார்கள். இறப்புக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியைச் சோதித்தார்கள். ஜெனரேட்டரின் புகை தரைத்தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே வந்தது தெரிந்தது.

அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. வண்டி நிற்கும்போது நடந்த சாவு இது. ஓடிய தூரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தரைப் பலகையில் ஒயர் போக விட்ட ஓட்டை, ரப்பர் வளையம் உதிர்ந்த இடம், உப்புக் காற்றில் துருப்பிடித்த சைலன்சர் இணைப்பு எல்லாம் நாள் கணக்கில் பார்க்க வேண்டியவை. கடற்கரை ஓட்டத்துக்குப் போகிற கேரவனில் மாதத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டரை ஓடவிட்டு, தரையின் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் இல்லாத கேரவனில் யாரும் படுக்கக் கூடாது. இதில் நான் சமரசத்துக்கு இடம் தரமாட்டேன்.

அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்த அந்தப் பெட்டி, நாகர்கோவிலில் புனலூர்–மதுரை ரயிலோடு இணைக்கப்பட்டு மதுரைக்கு வந்தது. தனியே கழற்றி நிறுத்திய பிறகு, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் சமைத்தபோது தீப்பிடித்தது. ரயில் பெட்டியும் வேனும் ஒன்றல்ல. மூடிய இடம், சிலிண்டர், விடிகாலை, தூங்கும் ஆட்கள் என்ற சேர்க்கை ஒன்றுதான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைப்பது பிழை, வாயு வெளியேறும் வழி தரை மட்டத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். எண்ணெய் நிறுவனங்கள் தரும் ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா குழாய்க்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பி-27 என்பது போல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் அது மறுசோதனைக்குப் போயாக வேண்டும். இதுவும் தேதிக் கணக்கே.

கிலோமீட்டரை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆயில், கிளட்ச், பிரேக் லைனிங், பட்டை புஷ் ஆகியவை தூரத்தில் தேய்கின்றன. எஞ்சின் இல்லாமல் இழுத்துச் செல்லும் கேரவனுக்கு அந்தத் தூரம் தெரிவதே இல்லை. அதற்கு மீட்டர் கிடையாது, இழுக்கும் காரின் மீட்டரில் கேரவன் இல்லாமல் ஓடியதும் சேர்ந்துவிடும். நியூசிலாந்தில் கனரக டிரெய்லர்கள் ஓடிய தூரத்துக்குச் சாலைக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்காக அச்சின் முனையில் சக்கரத்தோடு சுற்றி எண்ணும் ஒரு மீட்டரை மாட்டுகிறார்கள். அடிப்படைக் கணக்கு சின்னது. 650 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.04 மீட்டர் போகும், கிலோமீட்டருக்கு சுமார் 490 சுற்று. அளவு சரியாகப் பதிந்தால் சைக்கிளுக்கு விற்கும் காந்த மீட்டரேகூட இதைச் செய்துவிடும். அதுவும் வேண்டாமென்றால் கொக்கியில் மாட்டும்போது கார் மீட்டரைக் குறித்து, கழற்றும்போது மறுபடி குறித்தால் போதும். சுற்றுலா வாடகை வண்டிகளுக்கு இப்போது ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். தூரம் அதிலேயே பதிவாகிறது, எடுத்து எழுதத்தான் ஆள் வேண்டும்.

எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். செல்பேசிச் செயலியைவிட நோட்டையே நான் பரிந்துரைப்பேன். ஓட்டுநர் மாறினாலும் நோட்டு வண்டியிலேயே இருக்கும். நான் பார்த்தவற்றில் பயனுள்ள நோட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியது. ‘முன் இடது டயர்’ என்று தலைப்பு. கீழே தயாரிப்பு வாரம் 1123, மாட்டிய தேதி, அன்றைய மீட்டர், அடுத்து மாற்ற வேண்டிய மீட்டர், அதோடு சிவப்பு மையில் மாற்றியே ஆக வேண்டிய தேதி: மார்ச் 2028. ‘ஜெனரேட்டர்’ பக்கத்தில் மணி. ‘பிரேக் ஆயில்’ பக்கத்தில் தேதி மட்டும். கடைசிப் பக்கத்தில் வண்டி உப்புக் காற்றில் நின்ற இரவுகளின் பட்டியல், ஊர்ப் பெயரோடு. பயணம் கிளம்பும் முன் சிவப்பு மைத் தேதிகளை மட்டும் ஒரு ஓட்டம் பார்த்தால் போதும்.

பதிவேட்டை அரசு கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவானால் பதினைந்து ஆண்டுக்கு யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. வேனை வாங்கிப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கேரவனாக மாற்றிக்கொள்ளும் ஆசை இப்போது பெருகிவருகிறது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை நாட்டில் இருக்கிறது. ஊர்ப் பட்டறையில் மாற்றுகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது என் கவலை. மாற்றியபின் பாரமும் மாறிவிடுகிறது. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. தொட்டி, சமையல் மேடை, பேட்டரி எல்லாம் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்க டயர்கள் இரவும் பகலும், நிற்கும்போதுகூட, அதிகப் பாரத்தைச் சுமக்கின்றன. டயரில் 102 என்ற பாரக் குறியீடு இருந்தால் அது தாங்கும் உச்ச அளவு 850 கிலோ. எடை மேடையில் முழுச் சாமானோடு ஒருமுறை ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.

பழைய கேரவனோ டெம்போ டிராவலரோ வாங்கப் போகிறவர், 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று கேட்டதும் மகிழ வேண்டாம். அந்த எண் உண்மையா என்பது முதல் கேள்வி. மின்னணு மீட்டரில் எண்ணைக் குறைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கை ஓரம் நைந்து, மீட்டர் மட்டும் சின்ன எண் காட்டினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். எண் உண்மையாகவே இருந்தால் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ஓடாத காலத்தில் எங்கே நின்றது? கூரைக்குக் கீழா, வெயிலிலா, கடற்கரையிலா? ஐந்து டயர், பேட்டரி, பிரேக் ஆயில், ரப்பர் குழாய்கள், பெல்ட் எல்லாவற்றின் விலையையும் பேரத்தில் கழித்துத்தான் பேச வேண்டும்.

வட்டக்கோட்டையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் திரும்பும் பயணத்துக்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. அஞ்சுகிராமம் பக்கமோ நாகர்கோவில் போகும் வழியிலோ ஒரு வாட்டர் சர்வீஸில் வண்டியை ஏற்றி, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். மேலே துடைப்பதற்கு முன்னால் அடியைக் கழுவ வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றிலும் காற்று பாருங்கள். ஐந்து டயரின் நான்கு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். ஆறு வயது தாண்டியது முன்சக்கரத்தில் இருந்தால் நாகர்கோவிலிலேயே மாற்றிவிடுங்கள், ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். வடக்கே போகிற வண்டிக்கு அந்தத் தூரம் திருநெல்வேலிக்கு முன்பே வந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி இறுக்கிவிட்டு, மீட்டரையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.